எண்ணெய் மிதந்த கிணறும் என் வயிற்றெரிச்சலும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு சீனியர் வக்கீலிடம் நாங்கள் இரண்டு பேர் ஜூனியர்களாக இருந்தோம். மற்றவன் கடையநல்லூர்க்காரன். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவான். அவனிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடாமல் இல்லை.

அவன் ஊரில் மற்ற வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து சென்ட் பாட்டிலும் டேப் ரிக்கார்டரும் வரும். இவனுக்கு மட்டும், அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன் இங்கிலீஷ் பேப்பரிலிருந்து கோர்ட்டுச் செய்திகளை வெட்டி அனுப்புவார். ஒருநாள் வந்தது ஓர் எண்ணெய்க் கப்பலின் செய்தி. எங்கோ வெளிநாட்டில் கப்பல் பாறையில் மோதி, கரை முழுக்க எண்ணெய் படிந்துவிட்டது. கரையோர ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து, எண்ணெய்க் கம்பெனியை அதன் சொந்த நாட்டுக் கோர்ட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

"ஏலே, இதப் படிச்சியா? மீன்பிடிக்கவனும் ஓட்டல்காரனும் ஒண்ணாச் சேந்து கம்பெனிக்காரன இழுத்துட்டான் பாரு" என்றார் சீனியர். என்னைக் கேட்டார், ஆனால் பார்த்தது அவனை. அவனுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே சேர்ந்தவன் நான். என்னிடம் அவர் பேசுவதெல்லாம் "அந்தக் கேஸ் கட்ட எடு" என்பதோடு முடிந்துவிடும்.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. எங்களுக்கும்தான் எண்ணெய் வந்திருந்தது. நான் வாடகைக்கு இருந்த தெருவின் முனையில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் நிலத்தடித் தொட்டி ஒழுகி, தெருக் கிணறுகளில் டீசல் ஊறிவிட்டது. வாளியை இறக்கினால் தண்ணீர்மேல் ஏழு நிறமும் தெரியும். சோற்றில் நாற்றம், காப்பியில் நாற்றம். என் மனைவி அடுத்த தெருவுக்குக் குடத்தோடு நடந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

"வே, ஒத்த ஒத்த ஆளாப் போனா பங்க்காரன் ஊதித் தள்ளிருவான். தெருவே போனா என்ன செய்வான்?" என்றான் அவன். தெரு முழுவதற்குமாக ஒன்றிரண்டு பேர் வழக்குப் போடலாம் என்று நம் சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. பரீட்சைக்குப் படித்து நான் மறந்த விதி. அவன் மறக்கவில்லை. ஒரே வாரத்தில் மனுவை எழுதிவிட்டான். அதைப் படித்த சீனியர் அவன் முதுகில் தட்டியபோது எனக்கு அடிவயிறு எரிந்தது.

வெளியூர்க்காரனாதலால் அவனுக்கு ஒன்று தெரியாது. எங்கள் தெருவில் மேல வீடு, கீழ வீடு என்று இரண்டு பெரிய குடும்பங்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் திருநீறு யாருக்கு என்று தலைமுறைச் சண்டை. கடைசியில் பூசாரி இரண்டு கையிலும் இரண்டு தட்டு ஏந்தி, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் நீட்டுவது என்று முடிவானது. மனுவிலோ ஒன்று என்ற எண் ஒரு தடவைதான் வரும். அவன் பங்க் பக்கமிருந்து வீட்டு வரிசைப்படி பெயர் எழுதியிருந்தான். மேல வீடு ஒன்று, கீழ வீடு இரண்டு.

கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் கீழ வீட்டுப் பெரியவர் காப்பிக் கடையில் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்களும் வக்கீலு. போடலாமா?"

"தாராளமாப் போடுங்க அண்ணாச்சி. ஒண்ணாம் நம்பர் மேல வீட்டுக்காரங்க, ரெண்டாம் நம்பர் நீங்க."

நான் பொய் சொல்லவில்லை. அவர் பாதிக் காப்பியோடு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. காரணம் தெரிந்ததும் அவன் கீழ வீட்டை ஒன்றாக மாற்றி எழுதினான். மேல வீடு முறுக்கிக்கொண்டது. அவர்கள் இல்லாமல் தெருவில் வேறு யாரும் பேனாவைத் தொடவில்லை. அவன் அன்று ரயிலை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"உம்ம பேர முதல்ல போடுதேன் வே. நீரு வாடகைக்கு இருக்கவரு, கொடையில உமக்குப் பங்கு கிடையாது. ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க."

அவன் சொன்னது அத்தனையும் சரி. எனக்கும் அது முன்பே தோன்றியிருந்தது. ஆனால் அவன் வக்கீலாக நிற்க, அவன் முன்னால் நான் கட்சிக்காரனாகக் கையைக் கட்டி நிற்பதா?

"வீட்டுக்காரர் சங்கடப்படுவாரு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். மனு கேஸ் கட்டுக்குள்ளேயே நின்றுபோனது. தெருக் கிணறுகளை ஒவ்வொன்றாகப் பலகை போட்டு மூடினார்கள். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளே என் மனைவி மறுபடி குடத்தை எடுத்தாள். வலது தோளில் அப்போது பிடித்த வலி இன்றும் விட்டுப் போகவில்லை.

அவன் மெட்ராஸ் போய்ப் பெரிய வக்கீலாகிவிட்டான். அவன் பேச்சு வரும்போதெல்லாம் என் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டே சொல்லுவாள்: "அந்தத் தம்பி மட்டும் நம்ம தெருவுல குடியிருந்திருந்தா, ஒருத்தரையும் கெஞ்சாம தன் பேர முதல்ல எழுதியிருப்பாரு."

கீழ வீட்டுக்காரரிடம் நான் சொன்னதும் அவளுக்குத் தெரியாது, அவன் என் பெயரை முதலில் போடக் கேட்டதும் தெரியாது. நான் வெட்கப்பட வேண்டிய இடம் அது, வெட்கமும் வராமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால், அவளும் அவனைத்தானே மெச்சுகிறாள் என்று அடிவயிறு எரிகிறது.