சித்தப்பா துவைத்த வேட்டி

சித்தப்பா தன் வேட்டியைத் தானே துவைப்பார். விடிந்தும் விடியாமலும் ஓடைக்கரையில் குந்திக்கொண்டு, கல்லில் அடிக்காமல், கையாலேயே கசக்கிக் கசக்கிப் பிழிவார். மலாயாவில் மெர்போக் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் ஓர் ஆம்பளை துணி துவைத்தால் சும்மா விடுவார்களா? "பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே பழகிக்கிறாரு பாருங்கடி!" என்று லயத்துப் பெண்கள், எங்கள் கூலி வீட்டு வரிசைக்காரிகள், கேலி பேசுவார்கள். "ஆமாக்கா, வர்றவளுக்குக் கை நோகக்கூடாதுல்ல" என்று அவரும் சிரிப்பார். அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். கல்யாணம் ஆகாதவர், எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். எனக்கு அவர் என்றால் உயிர். அவர் கசக்கியது இரத்தக்கறை என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் காலம் அது. பால் வெட்டு பாதி நின்றுபோய், ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கிழங்கு போட்டிருந்தார்கள். காலையிலும் மரவள்ளி, ராத்திரியும் மரவள்ளி. வயிறு இறுகிப்போய்க் கல்லாகக் கிடக்கும். வெளிக்குப் போய்விட்டு முகம் சுளித்துக்கொண்டு வராத ஆளே லயத்தில் இல்லை. இரத்தம் வந்தால், "சூடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதுவும் சொல்லுகிறவர்கள்தான். முக்கால்வாசிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். அந்த இடத்து நோயை யாரிடம் போய்ச் சொல்வது?

சித்தப்பா ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது அம்மா அவர் வேட்டியை ஓடைக்கு எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன். அதை விரித்துக் கறையைப் பார்த்தவர், கல்லில் அடிக்காமல் அவரும் கையாலேயே கசக்கினார். திரும்பும் வழியில் தொட்டாற்சிணுங்கியை வேரோடு பறித்துக்கொண்டு வந்து, அரைத்து, கஞ்சித் தண்ணீரில் கலக்கினார். "சூட்டைத் தணிக்கும் தம்பி, குடிங்க" என்று நீட்டினார். எதற்கு என்று சித்தப்பா கேட்கவில்லை. "சரிங்க அண்ணி" என்று வாங்கிக் குடித்தார். அதிலிருந்து அடிக்கடி அம்மா அந்த இலையை அரைப்பார். எனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்து முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. பக்கத்து நாடான சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், வீட்டுக்கு ஓர் ஆண் போக வேண்டுமாம். நல்ல சோறு போடுவார்கள் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். முன்னே போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சீக்காளியை எடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் இன்னோர் ஆண் இருந்தால் அவன் போயாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். அம்மா வயிற்றில் என் தம்பி. மூத்தவன் நான்தான் போவேன் என்று அப்பா கிளம்பினார். "புள்ளகுட்டிக்காரன் நீ எங்க போற? பேசாம இருண்ணே" என்று சித்தப்பா அவரை உட்கார வைத்துவிட்டார்.

புறப்படுகிற காலையில், தினமும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "உடம்புக்கு ஏதாச்சும் உண்டா? வயித்துப்போக்கு, ரத்தப்போக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நல்ல மனுஷன். ஒருத்தனையாவது தப்பிக்க வைக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டிருப்பார். சித்தப்பாவின் முறை வந்தது. அவர் டிரசரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ஒன்னுமில்லைங்கய்யா, நல்லா இருக்கேன்" என்றார் சித்தப்பா. எனக்குக் கையசைத்துவிட்டு லாரியில் ஏறினார்.

சண்டை ஓய்ந்தபின் அந்த லாரியில் போனவர்களில் ஒருவர், எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். சித்தப்பா வெளுத்துப்போய், மண்கூடையைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்ததாகவும், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றும் சொன்னார். அப்பா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா அழுததை நான் பார்க்கவில்லை.

எனக்குப் பேரன் பேத்தி பிறந்த வயதில் எனக்கும் இரத்தம் போனது. சுங்கைப்பட்டாணி டவுனில், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மாதக்கணக்கில் மறைத்தேன். படித்த மகன்களிடம் எப்படிச் சொல்வது என்ற வெட்கம்தான், வேறென்ன? நான் இடுப்பில் கட்டும் சாரோங்கில் கறையை அம்மா பார்த்துவிட்டார். "அடிப்பாவி! எத்தனை நாளா இது?" என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீடே எட்டிப் பார்த்தது. தள்ளாத வயதில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவரே டாக்டரிடம் வந்தார்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், உள்மூலம்தான் என்றார். வலியில்லாமல் பளிச்சென்று சிவப்பாகச் சொட்டும், சின்ன ரப்பர் வளையம் மாட்டினால் சுருங்கி விழுந்துவிடும் என்றார். ஆனால் இரத்தம் கண்டால் மூலம்தான் என்று தாங்களாக முடிவு கட்டக்கூடாது, குடலில் கட்டி இருந்தாலும் இரத்தம் வரும், பார்த்தால்தான் தெரியும் என்று கண்டித்தார். கவனிக்காமல் விட்டால் உடம்பில் இரத்தம் குறைந்து, வெளுத்து, மூச்சு வாங்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "உங்க சித்தப்பாவுக்கு ரத்தம் போறது எனக்குத் தெரியும்டி. வாயைத் திறந்திருந்தா தம்பிய விட்டிருப்பாங்க. உங்கப்பாவ ஏத்தியிருப்பாங்க. அதான் குனிஞ்சுக்கிட்டேன்." எனக்கு அப்பா கிடைத்தார். பிறகு தங்கைகளும் பிறந்தார்கள். பாவி மனுஷி, இத்தனை வருஷமும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் வீங்கிய முகங்களைப் பார்த்து, சித்தப்பா பேச்சுதான் வந்திருக்கும் என்று புரிந்துகொண்டார். எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார்: "ஒரு நோய் நொடி இல்லாத உடம்பு அவனுக்கு. அந்த உடம்பையே சயாம் தின்னுடுச்சே."

"ஆமாங்க" என்றார் அம்மா. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினார்.