அம்மாவின் கலர் வட்டம்

கல்லூரித் தோழிகள் எல்லோரும் விளம்பரம் வராத புதிய பிரவுசருக்கு மாறிவிட்டார்கள் என்று, அதை அம்மாவின் போனிலும் போட்டு, பழையதை நீக்கினேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற பெருமை எனக்கு.

அம்மா குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிறார். அருவியில் வெள்ளமா என்று போனில் படம் பார்த்துவிட்டுத்தான் தென்காசியில் பஸ் ஏறுவார். நான் பிரவுசரை மாற்றிய மறுநாள் நனைந்தபடி, நிறைந்த கூடையோடு திரும்பினார். வெள்ளத்தால் குளிக்கத் தடை, ஆளே இல்லையாம்.

"போன்ல பாக்கலையாம்மா?"

"எனக்கு எழுத்தா தெரியும்? அந்தக் கலர் வட்டத்தக் காணும்ட்டி." நான் நீக்கிய பழைய பிரவுசரின் சின்னம் அது.

"என்னை எழுப்ப வேண்டியதுதானே?"

"இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பே."

முன்பு அப்படிச் சிரித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது எதையாவது மாற்ற யாருடைய போனைக் கையில் வாங்கினாலும், "எதைப் பார்த்து அமுக்குவீங்க?" என்று முதலில் கேட்கிறேன்.