லைன்காரியின் மாமனார்

எங்கள் மாடியில் அவளுக்குப் பெயர் லைன்காரி. எப்போது கதவைத் தட்டினாலும் காதில் மாட்டிய ஹெட்செட்டைத் தொட்டுக் காட்டி, "அக்கா, லைன்ல இருக்கேன்" என்று உதட்டை மட்டும் அசைப்பாள். பெயர் வைத்தது நான்தான். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை அதட்டி அதட்டியே தொண்டை தேய்ந்தவள். வீட்டுக்குள் மூச்சுவிடக்கூட யோசிக்கிற பிழைப்பு என்ன பிழைப்போ என்று அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போனில் எரிந்து விழுகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. முன்பு அதற்கு ஓர் ஆபீஸ் இருந்தது. ஏசி, கேன்டீன், அரட்டை அடிக்க நாலு தோழிகள், எல்லாம் இருந்தன. பிறகு கம்பெனி கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, வீட்டிலிருந்தே பாருங்கள், உங்களுக்குத்தானே வசதி என்றது. யாருக்கு வசதி? இரண்டு அறை வீட்டில் முன்னறை ஆபீஸாகிவிட்டது. அங்கே கட்டில் போட்டுப் படுத்திருந்த மாமனார் உள்ளறைக்குப் போனார்.

அதோடு விட்டார்களா? அவள் பேசுவதை ஒரு மெஷின் ஒட்டுக்கேட்கும். பின்னால் வேறு சத்தம் வந்தால் மார்க் போய்விடும். மூன்று தடவை போனால் வேலையே போய்விடும். புருஷன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவன் கொண்டுவருவது லாரிக்கடனுக்கே சரியாக இருக்கும். வீட்டில் அடுப்பு எரிவது இவள் லைனில் இருப்பதால்தான்.

மாமனாரோ காது மந்தம். தமக்குக் கேட்கவில்லை என்றால் ஊருக்கே கேட்கவில்லை என்று நினைத்துப் பேசுகிறவர். அவர் ரகசியம் சொன்னால் கீழ்வீட்டில் பதில் சொல்வார்கள். முதல் மார்க் அவர் தும்மலில் போயிற்று. இரண்டாவது, செருப்புத் தைக்கிறவரிடம் ஜன்னல் வழியாகப் பேரம் பேசியதில் போயிற்று. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னொரு தடவைதான் மாமா பாக்கி" என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்கப்புறம் அந்த மனிதர் ஆளே மாறிப்போனார். அவள் வேலைக்கு உட்கார்ந்ததும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போய் இருமிவிட்டு வருவார். பாத்ரூமுக்கென்று வைத்திருந்த ரப்பர் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போடுகிறதாம், அதையும் விட்டுவிட்டார்.

"எங்க வீட்டுக்கு வந்து கத்துங்களேன் ஐயா, நான் மார்க் போடறேன்" என்பேன்.

"நீ சும்மா இரு வேன்காரம்மா. ஒத்தப் பொண்ணு, வீட்டையே தாங்குது. என்னால அவளுக்கு வேற என்ன செய்ய முடியும்? வாய மூடத்தான் முடியும்" என்பார், அதையும் வாயைப் பொத்திக்கொண்டே.

அன்றைக்கு நான் காலை வேன் நடை முடித்து வந்தபோது படியில் அவர் இல்லை. கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துவிட்டேன். உள்ளே அவளோ அவர் படியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பாட்டு வேளைக்கு எழுந்து கை கழுவப் போன பிறகுதான் அவளுடைய அலறல் கேட்டது. ஓடினேன். பாத்ரூம் தரையில், ஈரத்தில், ஒரு கால் திரும்பிக்கொண்டு கிடந்தார். துண்டின் முனை வாயில் இருந்தது. அப்படிக் கடித்திருந்தார், இழுத்தாலும் வரவில்லை. வலியில் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எப்ப விழுந்தீங்க மாமா? ஏன் கூப்பிடல?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விரல் ஒன்றைத் தூக்கி அவள் காதைக் காட்டினார். கழற்ற மறந்த ஹெட்செட் அங்கேயே இருந்தது. படிக்குப் போகுமுன் பாத்ரூம் போனவர், காலையில் அவள் முதல் போனை எடுத்த சற்று நேரத்திலேயே விழுந்திருக்கிறார். அவள் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், நாலே எட்டில் அவர் கிடந்திருக்கிறார். அடப்பாவிகளா, ஒரு மனுஷனை இப்படியா பழக்கி வைப்பீர்கள்!

என் வேனில்தான் கொண்டுபோனோம். பிள்ளைகள் உட்காரும் நீள சீட்டில் அவரைக் கிடத்தி, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அவர் உடம்பு துள்ளியது, ஆனால் சத்தம் வரவில்லை.

"கத்துங்க மாமா. இது வேன். கத்துங்க" என்று அவள் கெஞ்சினாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஊசி போட்டு வலி கொஞ்சம் தணிந்ததும் மாமனார் கண் திறந்து அவளைத்தான் தேடினார்.

"பாதியில எழுந்து வந்துட்டியே, மார்க் போயிடுச்சா?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் சிணுங்கியது. பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். கம்பெனியிலிருந்து தானாக வருகிற செய்தி. காலை அழைப்புகளில் பின்னணிச் சத்தம் எதுவும் இல்லை, முழு மதிப்பெண், வாழ்த்துகள் என்று, பக்கத்தில் கைதட்டுகிற பொம்மை வேறு. அந்தப் போனைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியத் தோன்றியது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகல ஐயா. முழு மார்க்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வேன்! பரீட்சையில் பாஸானவர் மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியாம்மா? நான் வாயே தொறக்கல" என்றார்.

அவள் அவர் பாதத்தைப் பற்றிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து, "இங்க சத்தம் போடக் கூடாதும்மா" என்றாள்.

"போடட்டும், விடு" என்றேன்.