மறுக்கா படிங்க, சித்தப்பா

புத்தியை அளந்து எண்ணில் சொல்லிவிடலாம் என்று யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பேரனின் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு சோதனை வைத்து, வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மரியாதை தெரியாத கிழவி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். மரியாதை தெரிந்தவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, கோயமுத்தூரில் ஹைஸ்கூல் வாத்தியார். மதராசில் வாத்தியார் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கோட்டு, கைக்கடிகாரம், புத்தியை அளக்கிற பரீட்சை மூன்றையும் கொண்டுவந்தார். சீமையில் செய்த பரீட்சையை அவரே உட்கார்ந்து தமிழாக்கி வைத்திருந்தார்.

அந்த வருஷம் அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்தாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. டவுனுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு உயிர். சித்தப்பா தன் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாகச் சொன்னார். ஆனால் வீடு சின்னது, சித்தியோ கைக்குழந்தைக்காரி, ஒரு பெண்ணைத்தான் கூட்டிப்போக முடியும். நான் மூன்றாவதில் இருந்தேன். மூத்தவள் அக்கா, அவள்தான் போவாள் என்று வீட்டில் எல்லோரும் இருந்தோம்.

"கண்ண மூடிக்கிட்டு முடிவு பண்ணக் கூடாதுங்கண்ணா" என்றார் சித்தப்பா. "ரெண்டு பேருக்கும் பரீட்சை வெச்சுப் பாக்கலாமுங்க. ஆருக்குப் புத்தி ஜாஸ்தியோ அந்தப் புள்ளைய அனுப்புங்க."

அக்காவின் புத்தியைத் தெரிந்துகொள்ளப் பரீட்சையா வேண்டும்? அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டி, புரியாத இடத்தில் அர்த்தம் சொல்கிறவள் அவள். வீட்டுக் கடிதங்களெல்லாம் அவள் கையெழுத்து. சித்தப்பா மதராசில் இருந்தபோது மாதம் தவறாமல் அவருக்குப் போன கடிதங்களும்தான். அவற்றையெல்லாம் படித்தவர்தான் இப்போது அவளுக்குப் புத்தி எவ்வளவு என்று அளக்கப் புறப்பட்டார்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் தப்பாகப் பேசிவிட்டால் தப்பு என்று சொல்ல மாட்டோம். "மறுக்கா ஒருதரம் சொல்லுங்க" என்போம். சொன்னவருக்கே சுருக்கென்று உறைத்து, மறுபடி சொல்லும்போது சரியாகச் சொல்லிவிடுவார். யாருக்கும் முகம் கோணாது. போன வருஷம் செத்துப்போனவரைப் போன வாரம் கல்யாணத்தில் பார்த்ததாக ஒரு விருந்தாளி சொன்னபோதுகூட அம்மா அதைத்தான் சொன்னாள். சித்தப்பா பிறந்து வளர்ந்ததும் அதே வீட்டில்தான்.

வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்து உறவுக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தியின் பதில் மற்றவள் காதில் விழக் கூடாதென்று அக்காவை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பிவிட்டு, முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். வலையில்லாத டென்னிஸ் மைதானத்தின் படத்தைக் காட்டி, "இதுல என்ன கொறையுது?" என்றார் சித்தப்பா. டென்னிஸை நான் எங்கே கண்டேன்? "மாடு இல்லீங்க" என்று அடித்துச் சொன்னேன். சித்தப்பா சிரித்துவிட்டு, தைரியமான பதில் என்று அரை மார்க்குப் போட்டார்.

அடுத்தது, அவர் ஒரு வாக்கியம் படிப்பார். அதைப் பற்றித் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். அது சரியா தப்பா என்று முன்கூட்டி ஒரு ஜாடையும் காட்டக் கூடாதாம். அவர் படித்தார்: "கிணறு அடியோடு வற்றிப்போய்விட்டதால், விவசாயி பொழுது சாயும்வரை தண்ணீர் இறைத்தான்."

"வத்துன கெணத்துல என்னத்தைங்க எறைக்கறது? உங்களுக்கு மூளை இல்லீங்களா சித்தப்பா?" என்றேன்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். சித்தப்பா அவளைத் தடுத்து, "பளிச்சுனு புடிச்சுப்போட்டா பாருங்க!" என்று பூரித்துப்போனார். மற்ற வாக்கியங்களுக்கும் நான் அதே லட்சணத்தில்தான் பதில் சொன்னேன். வாயாடி என்று வீட்டில் தினம் வாங்கிய திட்டெல்லாம் அன்றைக்கு மார்க்காக மாறியது.

பிறகு அக்கா வந்து, பாவாடையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதே கிணறு, அதே விவசாயி. அக்கா சித்தப்பாவைப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மறுக்கா படிங்க, சித்தப்பா" என்றாள்.

"ரெண்டாந்தரம் படிக்கக் கூடாது அம்மணி. அதுதான் மொறை" என்று சைபர் போட்டார்.

"ஒருவன் தன் தம்பியைவிட இரண்டு வயது இளையவன்."

"மறுக்கா படிங்க, சித்தப்பா." குரல் இன்னும் இறங்கிவிட்டது. இன்னொரு சைபர். மூன்றாவதாக, மழையே பெய்யாததால் துணியெல்லாம் நனைந்துவிட்டது என்று படித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள். அதற்கும் சைபர்.

எனக்குப் பன்னிரண்டு வயதுப் புத்தி, அக்காவுக்கு எட்டு வயதுப் புத்தி என்று தீர்ப்பாயிற்று. அவள் "மறுக்கா" என்றபோது அப்பா சட்டென்று நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துதான் இருக்கும். ஆனால் கோட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் முன்னால் வாய் வரவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

அந்தப் பரீட்சையால் உபயோகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சித்தப்பாவின் வகுப்பில் மண்டு என்று தினமும் அடி வாங்கிய பையன் ஒருவன், படம் பார்த்துச் சொல்கிற கேள்விகளுக்கெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். அப்புறம்தான் அவனுக்குக் காது மந்தம் என்று சித்தப்பா கண்டுபிடித்தார். முன்பெஞ்சில் உட்காரவைத்தார். அடியும் நின்றது, பையனும் தேறினான். நல்ல காரியம், ஒப்புக்கொள்கிறேன். அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்று யோசிக்கத் தெரிந்த மனுஷனுக்கு, அண்ணன் மகள் ஏன் சொல்லவில்லை என்று யோசிக்க மட்டும் தோன்றவில்லையே! அந்த எட்டு வயதுப் புத்திக்காரியை இரண்டே வருஷத்தில் கல்யாணம் செய்து சோமனூருக்கு அனுப்பினார்கள். குடும்பம் நடத்த மட்டும் அந்தப் புத்தி போதும் என்று யார் அளந்தார்களோ.

நான் கோயமுத்தூருக்குப் புறப்பட்ட காலையில் அக்காதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். "வத்துன கெணத்துல தண்ணி எறைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள், பின்னலை இறுக்கிக்கொண்டே. "சித்தப்பா தப்பாப் படிச்சுப்போட்டாருன்னு நெனச்சேன். அத்தன சனத்துக்கு முன்னால எப்படிச் சொல்றது கண்ணு?"

நான் வாசலுக்கு ஓடினேன். "அக்காளுக்குப் பதில் தெரியுமாமுங்க சித்தப்பா!" என்று கத்தினேன். அவர் மணியைப் பார்த்தபடி, "பரீட்சை முடிஞ்சப்பறம் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க கண்ணு. வண்டியில ஏறு" என்றார்.

அக்கா என் பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். "உன்ர தங்கச்சி போறதுதான் நல்லது. உனக்கு வருத்தமொன்னும் இல்லையே அம்மணி?" என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள்.

"கெட்டிக்காரப் புள்ள!" என்று சித்தப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பரீட்சையில் இதே பதிலுக்குத்தானே சைபர் போட்டார், இப்போது மட்டும் எப்படிச் சரியாயிற்று என்று கிணத்துக்கடவில் பஸ் ஏறும்வரை யோசித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு வயதுப் புத்தி இருந்தும் எனக்கு அது விளங்கவில்லை.