பள்ளம் தாண்டிய தப்பட்டை

மதிப்பிற்குரிய ஐயா, மதிப்பிற்குரிய அம்மணி,

இந்த வாரம் மில் கேண்டீனில் நடந்த ஒரு பழைய வேடிக்கையை எழுதுவதாகத்தான் இருந்தேன். பாதி எழுதியும் விட்டேன். அதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். காரணம், சென்ற வாரம் குடியரசு தினத்தன்று தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நான் கண்ட காட்சி. அந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் ஆறவில்லை!

பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் உழைத்து ஓய்வு பெற்று, துடியலூரில் அடங்கிக் கிடக்கும் நான் அங்கே ஏன் போனேன்? என் தங்கை மகள் துளசிமணி அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவர். ஆம், தலைவர்! புதிய சட்டப்படி அந்தத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த எங்கள் பிள்ளை போட்டியிட்டாள், வென்றாள். “குடியரசு தினத்துக்குக் கிராம சபை கூட்டறேனுங்க மாமா, நீங்க வந்து ஒரு ஓரமா உக்காந்திருந்தாலே எனக்குத் தெம்பா இருக்கும்” என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினாள். போகாமல் இருப்பேனா? சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு வாழ்த்துரையும் தயாராக வைத்திருந்தேன். அதன் கதியைப் பிறகு சொல்கிறேன்.

கிராம சபை என்றால் என்ன என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் பஞ்சாயத்தில் ஓட்டுள்ள அத்தனை பேரும் ஒன்றாக அமர்ந்து, ஊருக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்கும் சபை அது. உறுப்பினர்கள் மட்டுமல்ல... அத்தனை பேரும்! படிப்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது, பார்த்தீர்களா?

ஆனால் அதில் ஒரு கண்டிப்பு உண்டு. போதிய ஆட்கள் வராவிட்டால் கூட்டம் செல்லாது. துளசிமணி இதற்கு முன் கூட்டிய கூட்டங்கள் அப்படித்தான் கலைந்தன. “காலனி ஆளுகளே வர மாட்டேங்கறாங்க. தலைவரம்மா சொல்ற பேச்ச அவங்க சனமே கேக்கலீன்னா நாம என்ன பண்றது?” என்று உபதலைவர் டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். பெரிய தோப்புக்குச் சொந்தக்காரர். நாச்சிமுத்து என்று பெயர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரின் எல்லா விஷயமும் தம் வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று எண்ணுகிறவர். அவ்வளவே.

இந்த முறை கூட்டம் கலைந்தால் நஷ்டம் பெரிது. குடிநீர்க் குழாய் ஊருக்குள் வந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் எங்களவர்கள் குடியிருக்கும் காலனிக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது — மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. குழாய் அந்தப் பள்ளத்தின் கரையிலேயே நின்றுவிட்டது. காலனிப் பெண்கள் தோட்டத்துக் கிணறுகளில் போய், மோட்டார் ஓடும் நேரம் பார்த்து, கெஞ்சிப் பிடித்து வர வேண்டும். இந்த ஆண்டு குழாயை ஓரிடத்துக்கு நீட்டிக்க ஒன்றிய அலுவலகம் சம்மதித்திருந்தது. எந்த இடம் என்பதைக் கிராம சபை தீர்மானித்துத் தர வேண்டும். பள்ளத்தைத் தாண்டிக் காலனிக்கா, தோப்பு வீடுகளுக்கா? சபை கூடாவிட்டால் அந்த வாய்ப்பு வேறு ஊருக்குப் போய்விடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொடியேற்றம் முடிந்திருந்தது. கூட்டம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில். முன்பெல்லாம் கோயில் மண்டபத்தில்தான் ஊர்க்காரியம் பேசுவார்களாம். அங்கே எங்களவர்கள் படியேற முடியாது. எனவே துளசிமணி இடத்தை மாற்றியிருந்தாள். வகுப்பிலிருந்து பெஞ்சுகளை வெளியே போட்டிருந்தார்கள். நாச்சிமுத்துவும் அவரைச் சேர்ந்தவர்களும் அமர்ந்திருந்தனர். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். காலனியிலிருந்து? ஒரு குருவிகூட இல்லை!

துளசிமணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “நானே வூடு வூடாப் போயிச் சொல்லியிருக்கலாமுங்க மாமா” என்றாள் மெல்ல. “சொந்தக்காரங்கள மட்டும் கூட்டியாந்து வெச்சுக்கிட்டான்னு பேச்சு வருமேன்னு, அல்லாத்துக்கும் பொதுவாத் தண்டோராவே போதும்னு உட்டுப்போட்டேன்.”

நேர்மையான பிள்ளை. நேர்மையானவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட சோதனை வரும்!

தண்டோரா போட்டவர் யார்? அவளுடைய பெரியப்பா ரங்கன். எனக்கு மச்சான் முறை. அப்பன் காலத்திலிருந்து அந்த ஊரில் தப்பட்டை அடித்துச் சேதி சொல்லும் வேலை அவருடையது. அவர் அங்கேயே மரத்தின் வேரில், தப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். துளசிமணி அவரருகே போய்க் குனிந்தாள்.

“பெரியப்பா, நேத்து எங்கெங்க அடிச்சீங்க?”

அவர் விரல் மடக்கிச் சொன்னார். கோயில் முக்கு, பஸ் நிற்கும் இடம், மேலத் தெரு, செட்டியார் கடை, சாவடி... “பள்ளத்துக்கிட்ட வந்து முடிச்சுப்போட்டேன் கண்ணு. எப்பவும் அங்கதான முடிப்பம்.”

“பள்ளத்துக்கு அந்தப் பக்கம்?”

ரங்கன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நம்ம தெருவுக்கா? நம்ம தெருவுக்கு எதுக்கு கண்ணு தண்டோரா? எங்கப்பனே அங்க தண்டோரா போட்டதில்லயே.”

புரிகிறதா ஐயா? கோயில் வரி, ஏரித் தண்ணீர் முறை, ஊர்க்கூட்டம் — தண்டோரா போட்டுச் சொல்லப்பட்ட எதுவும் என்றைக்கும் காலனிக்கு உரியதாக இருந்ததில்லை. எனவே தப்பட்டை அடிப்பவர் காலனிக்காரராக இருந்தும், தண்டோராவின் வழி காலனிக்கு வந்ததில்லை. தலைவராகத் தம் வீட்டுப் பெண்ணே வந்த பிறகும் ரங்கனின் கால்கள் பழைய தடத்திலேயே நடந்து, பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பள்ளத்தின் கரையில்... குழாய் நின்ற அதே கரையில்! எங்கள் மக்களுக்கு அக்கறையில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததே, அவர்களை யாராவது அழைத்தார்களா?

“இப்பப் போயி அடிங்க பெரியப்பா” என்றாள் துளசிமணி.

தைமாதப் பனியில் தோல் தொய்ந்திருந்தது. ரங்கன் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தித் தப்பட்டையைக் காய்ச்சினார். அதிகாரி, “இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்றார். நாச்சிமுத்து, “தீ காஞ்சிட்டு வரட்டுமுங்க சார், குளிருல்ல” என்றார். பெஞ்சில் சிரிப்பு. ரங்கன் எதையும் காதில் வாங்காமல் ஓடினார். அந்த வயதில், அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு, ஓட்டம் என்றே சொல்லும்படி ஓடினார்!

சற்று நேரத்தில் பள்ளத்துக்கு அப்பாலிருந்து தப்பட்டை கேட்டது. அதிர்ந்து, அதிர்ந்து... பிறகு வேறொரு சத்தம். தகர டின்களைத் தட்டும் சத்தம்! நாய்களின் குரைப்பு, குழந்தைகளின் அழுகை, ஆண்களின் கூச்சல். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அதிகாரி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஏறிக்கொண்டார்.

பள்ளத்தைத் தாண்டி மொத்தக் காலனியும் வந்துகொண்டிருந்தது. ஆண்கள் கையில் கம்பு. பெண்கள் இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் சுமக்கும் வெறும் டின், அதன்மேல் ஒரு குச்சியால் தட்டல். ஒருவர் சட்டைப்பையில் பட்டாசு. வேலைக்குப் போன காட்டிலிருந்து களைக்கொத்தோடு ஓடி வந்தவர்களும் உண்டு.

பிறகுதான் விளங்கிற்று. காலனித் தெருவில் தப்பட்டை ஒலிப்பது இரண்டே காரணங்களுக்கு. ஒன்று சாவு. சாவு யார் வீட்டிலும் இல்லை. இன்னொன்று — மலையிலிருந்து யானை இறங்கினால்! தென்னைக்கும் சோளத்துக்கும் யானை வந்தால் முடுக்கி விரட்டுவதற்குக் காலனி ஆட்களைத்தான் அழைப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் கான்கிரீட் கட்டடமான பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். ரங்கன் “அல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க” என்று கத்தவும், பட்டப்பகலில் யானை என்று முடிவுகட்டிக் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பின் அவர் சொன்ன ‘கிராம சபை’ யார் காதில் விழும்?

முன்னால் வந்தவர் கருப்பாத்தாள் என்ற மூத்த பெண்மணி. “எந்தப் பக்கம்டா ரங்கா எறங்கியிருக்குது?” என்று கேட்டார்.

மூச்சு வாங்க ஓடி வந்த ரங்கன், “யானை இல்லக்கா... மீட்டிங்கு” என்றார்.

“மீட்டிங்குக்கு எதுக்குடா எங்களக் கூப்புடறே?”

டின் சத்தம் நின்றுவிட்டது. வாழ்த்துரை எழுதிய காகிதம் என் பையில் இருந்தது. அதில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

துளசிமணி முன்னால் வந்தாள். “இது உங்க மீட்டிங்குதானுங்கத்தை. எப்பவுமே உங்களுதுதான். இத்தன நாளும் உங்களுக்குச் சொல்லாம உட்டது எங்க தப்புங்க. நம்ம தெருவுக்குக் குழாய் வருமா, வராதான்னு இன்னிக்கு முடிவு பண்ணப் போறமுங்க.”

நாச்சிமுத்து குறுக்கிட்டார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “சார், யானை முடுக்க வந்தவங்களையெல்லாம் கூட்டத்துக்கு வந்தவங்கன்னு சேத்திக்க முடியுங்களா? நாளைக்கு மேலிடத்துல கேட்டா நீங்கதானுங்க பதில் சொல்லோணும்.”

அதிகாரி தயங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு தூரம் வந்து, இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடுமோ?

துளசிமணி அதிகாரியிடம் பேசவில்லை. மக்களைப் பார்த்தே கேட்டாள். “யானை வரலீங்க. கூட்டந்தான். இருக்கறவங்க இருக்கலாம், போறவங்க போகலாமுங்க.”

ஒருவரும் அசையவில்லை. அமர்வதற்கும் இடமில்லை — பெஞ்செல்லாம் முன்பே வந்தவர்களுடையது. வழக்கம் என்றால் எங்களவர்கள் தூரத்தில், தரையில்தான் அமர்வார்கள். கருப்பாத்தாள் பெஞ்சுகளைப் பார்த்தார். கையிலிருந்த டின்னைப் பார்த்தார். அதைப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டு நாச்சிமுத்துவிடம் சொன்னார்:

“யானைன்னா கூப்புடறீங்க, ஓடி வாரமுங்க சாமி. தண்ணிக்கும் ஒருக்காக் கூப்புட்டுப் பாருங்களேன்.”

அடுத்து ஒரு டின் கவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. டங், டங், டங்கென்று வரிசையாக... ஐயா, எத்தனையோ கோயில் மணி கேட்டிருக்கிறேன், மாதா கோயில் மணியும் கேட்டிருக்கிறேன். அந்த டின்களின் ஓசைக்கு நிகராக எதையும் கேட்டதில்லை! டின் இல்லாத ஆண்கள் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றார்கள். பெஞ்சுக்குச் சமமான உயரத்தில் எங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எதற்காக வந்தார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. ஓட்டு இருக்கிறதா, இங்கே இருக்கிறார்களா... அவ்வளவுதான். கூட்டத்தை ஆரம்பிக்கலாம், தலைவரே.”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விவாதம் கடுமையாகவே இருந்தது. தோப்பு வீட்டுக்காரர்களும் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அதிலும் நியாயம் இருந்தது. அடுத்த முறை அவர்களுக்கென்று துளசிமணி சேர்த்து எழுதச் சொன்னாள். கை தூக்கச் சொன்னபோது காலனிக் கைகள் எல்லாம் உயர்ந்தன. பெஞ்சுப் பக்கத்திலும் சில கைகள் உயர்ந்ததை நான் கண்டேன். நாச்சிமுத்துவின் கை உயரவில்லை. ஆனால் அவர் எழுந்து போகவும் இல்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அதையும் நான் ஒரு வெற்றியாகவே கருதுகிறேன்.

தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்ததும், பட்டாசு வைத்திருந்தவருக்கு அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. கொளுத்திவிட்டார்! அந்தப் பக்கத்து மலையில் உண்மையாகவே யானை ஏதேனும் இருந்திருந்தால், அன்றைக்கே கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

என் வாழ்த்துரை? யாரும் கேட்கவில்லை. பையிலேயே திரும்பி வந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே காலனிக்காரர்களுக்கென்று தனி டம்ளர் இன்னும் ஆணியில் தொங்குகிறது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத என் பேனாவுக்குத் துணிவில்லை. ஆனால் வழியனுப்ப வந்த ரங்கன் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு, “அடுத்த கூட்டத்துல இதையும் பேசோணும் மச்சான்” என்றார். இத்தனை காலமும் மற்றவர்களின் சேதியை மட்டுமே சொல்லி வந்த மனிதர்! அவருக்கென்று சொல்ல ஒரு சேதி இப்போது இருக்கிறது.

அன்று மாலை தீர்மானத்தை அறிவிக்க அவர் மறுபடியும் காலனித் தெருவில் தப்பட்டை அடித்தாராம். அப்போதும் சிலர் கம்போடுதான் வெளியே வந்தார்கள் என்று துளசிமணி போனில் சொன்னாள். பழக வேண்டுமல்லவா?

குழாய் இன்னும் வரவில்லை. வரும்வரை எத்தனையோ பேர், “அந்தக் காலனிக்காரங்க கூட்டத்துக்கே வர மாட்டாங்க” என்று சொல்லக்கூடும். ஆகவே ஐயா, அம்மணி, ஒரு சிறு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் பலகாரம் மடிக்கக் கொடுத்துவிடாமல் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் வந்தார்கள், நான் பார்த்தேன்.