ஜிம்மியோடு ஜோர்ஜியன் பே போன நாள்

பெற்றோல் மணமும் ஈர நாய் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் தொண்ணூறுகள்தான் ஞாபகம் வரும்...

அப்போது நான் ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்தேன். அத்தான் ஒரு கராஜில் மெக்கானிக். யாரோ கைவிட்ட பழைய போட் ஒன்றை ட்ரெயிலரோடு இழுத்துவந்து ட்ரைவ்வேயில் விட்டார். பனிக்காலம் முழுக்க நீலத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே படுத்துக் கிடந்து அதைத் திருத்தினார். பக்கத்தில் எப்போதும் ஜிம்மி. கறுப்பு நாய். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, தமிழ் மட்டும் விளங்குகிற கனடா நாய்.

கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கிற அன்ரி ஒருவர் மூக்கைச் சுளிப்பார். "நாயை வீட்டுக்குள்ள விடுறியளோ பிள்ளை?"

"அவர்தான் அன்ரி எங்களை உள்ளுக்கு விட்டிருக்கிறார்" என்பாள் அக்கா.

அவளுக்கு அப்படி ஒரு வாய். ஆனால் போட் என்று பேச்செடுத்தால் மட்டும் அந்த வாய் மூடிவிடும்.

சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அக்காவும் அத்தானும் கிளாலிக் கடலைத் தாண்டித்தான் வந்தார்கள். நான் அதற்கு முன்னமே கனடா வந்துவிட்டேன். அக்கா ஒரேயொரு தரம்தான் அதைச் சொன்னாள். இருட்டில் நேவி போட்டின் சத்தம் கேட்டதும், சுடப்போகிறார்கள் என்று எல்லாரும் போட்டின் அடித்தட்டில் படுத்துவிட்டார்களாம். பக்கத்தில் ஒருத்தியின் கைக்குழந்தை சிணுங்க, அதன் வாயைப் பொத்தியது அக்காவின் கை.

"கையை எடுக்கவும் பயம்... எடுக்காமல் இருக்கவும் பயம்."

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உயிர் போனாலும் போட்டில் ஏறமாட்டேன் என்று இருந்துவிட்டாள். அத்தானுக்கோ கடலும் வேண்டும், அக்காவும் வேண்டும்.

அந்தக் கோடையில் ஜோர்ஜியன் பே போனோம், கடல்மாதிரி விரிந்த ஏரி. விடியவே வெளிக்கிட்டு வடக்கே நீண்ட ஓட்டம். ஃபொயிலில் சுற்றிய ரோல்ஸ், பெரிய ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, பின்னால் ட்ரெயிலரில் போட். அக்கா கரையில் இருந்து சமைப்பதாகத்தான் ஏற்பாடு.

இளஞ்சிவப்புப் பாறைகள்... காற்றில் ஒருபக்கம் சாய்ந்த பைன் மரங்கள்... மறுகரை கண்ணுக்கு எட்டாத தண்ணீர். அக்கா குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பில்லை" என்றாள். ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கு விளங்கவில்லை.

நானும் அத்தானும் ஏறினோம். ஜிம்மி ஏறவில்லை. அத்தான் அவனுக்கென்று ஒரு செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற் தைத்துப் போட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு கரையின் பலகைப் பாலத்து நுனிவரை ஓடிவருவான், திரும்பி அக்காவிடம் ஓடுவான்.

"நீ போடா. நான் வரேல்லை."

அவன் அவள் காலடியில் குந்திவிட்டான்.

அத்தானை நான் மெச்சுவது இந்த இடத்தில்தான். வா என்று ஒரு சொல் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து ஆறுதலாகத் தேத்தண்ணி ஊற்றினார். நெடுநேரம் அப்படியே இருந்தோம். கடைசியில் அக்கா எழும்பி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வந்து ஏறினாள். பின்னாலேயே ஜிம்மி ஒரே பாய்ச்சல்.

தீவுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் கை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாலும் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அப்போதுதான் ஒரு வளைவில் இருந்து பொலிஸ் போட் வந்தது.

"குனியடி."

என் தலையைப் பிடித்து அமுக்கியதும் அக்காதான். நான் தரையில், அவள் எனக்குப் பக்கத்தில், நடுவில் ஜிம்மி. அவன் வாயை அவள் கை பொத்தியிருந்தது. நல்ல பட்டப்பகல்... அத்தானும் தன்னையறியாமல் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

எத்தனை பேர் என்று பொலிஸ்காரர் கேட்பது காதில் விழுந்தது.

"ஒன்லி மீ, சேர்" என்றார் அத்தான்.

அந்த நேரம் பார்த்து ஜிம்மி அக்காவின் கையை நக்கிவிட்டு நழுவி எழும்பினான். செம்மஞ்சள் ஜக்கெற்றோடு, வாலை ஆட்டிக்கொண்டு, அந்நியரைப் பார்த்து ஒரு குரைப்பு. பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். தரையில் இரண்டு பெண்கள் குப்புறக் கிடந்தோம்.

அவர் முகம் இறுகியது. எனக்கு அழுகை வந்தது. அக்காதான் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"இன் மை கன்ட்றி... போட் கம், வீ லை டவுன்."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இங்கே நாங்கள் லைஃப் ஜக்கெற் மட்டும்தான் பார்க்கிறோம் அம்மா என்று இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். பார்த்தார், எல்லாம் சரி. நாய்க்கும் போட்டிருக்கிறதைக் கண்டு சிரித்து, அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அத்தான் கரைப்பக்கம் திருப்பப் போனார்.

"என்னத்துக்குத் திருப்புறியள்? உந்தத் தீவைச் சுத்திக்கொண்டு போவம்" என்றாள் அக்கா.

என் வாழ்க்கையில் துணிச்சல் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

இப்போது போட் புதிது. வழி காட்ட ஸ்கிரீன் இருக்கிறது. ரோல்ஸும் கடையில் ஓடர் பண்ணித்தான். அத்தானுக்கு முழங்கால் சரியில்லை, சோதனை பாஸ் பண்ணி லைசென்ஸ் கார்ட் எடுத்து ஓட்டுவது அக்கா. பழைய போட் எங்கேயென்று தெரியாது. ஜிம்மி போய் எவ்வளவோ காலம்.

போன சனிக்கிழமையும் போனோம். அதே மாதிரி ஒரு வளைவில் பொலிஸ் போட் வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து, வலக்கையை உயர்த்தி ஹாய் சொன்னாள். அவர்களும் சிரித்துக் கையசைத்தார்கள்.

அவளுடைய இடக்கையை நான் மட்டும்தான் பார்த்தேன்... அது கீழே போய், ஜிம்மியின் தலை இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.