நாய்ச்சட்டைக்காரியும் வந்து சேராத பார்சலும்

"கிடைக்கலையாம். வாங்கி மாட்டி விட்டுட்டு, கிடைக்கலையாம்."

அப்போதெல்லாம் காலையில் போனைக் கையில் எடுத்ததும் என் ஓரகத்தி சொல்கிற முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். பல் விளக்குவதற்கு முன்னால் சொல்வாள். அவள் மாடியில் சொன்னால் கீழே என் சமையலறை ஜன்னலில் வந்து விழும். நான் அடுப்பைத் தணித்துவிட்டு, "இன்னைக்கு எந்த நாய்?" என்று கேட்பேன்.

அவள் நாய்களுக்குச் சட்டை தைத்து ஆன்லைனில் விற்கிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்கள் சிரித்து முடித்தாகிவிட்டது. எங்கள் மாமியார் இன்னும் முடிக்கவில்லை. "மனுஷிக்குத் தைச்சா கூலி குடுத்துட்டுப் போவா. நாய்க்குத் தைச்சா குரைச்சுட்டுத்தான் போகும்" என்பார். ஆனால் கொழுந்தனுக்கு வேலை போனபிறகு அந்த மாடி வீட்டில் அடுப்பு எரிந்தது நாய்ச்சட்டையால்தான். மாமியார் குடிக்கிற காபியும் அதில்தான் வந்தது.

கடையில் தொங்குகிற நாய்ச்சட்டை ஒரு நாய்க்கும் சரியாக இருக்காது. ஒன்றுக்கு நெஞ்சு அகலம், ஒன்றுக்குக் கழுத்தே கிடையாது. இவளிடம் நாயின் படத்தையும் அளவையும் அனுப்பினால் அதற்கென்றே வெட்டித் தைப்பாள். மழைக் கோட்டு, குளிருக்குச் சட்டை, ஆபரேஷன் ஆன நாய் தையலை நக்காமல் இருக்க உடம்போடு ஒட்டின உறை. ஊர் பெயர் மறந்தாலும் நாயின் இடுப்பளவு மறக்கமாட்டாள்.

தொல்லை எங்கே என்றால், வாங்குகிறவர்களுக்குப் போனில் ஒரு பட்டன் இருக்கிறது. 'பொருள் கிடைக்கவில்லை.' அதை அழுத்தினால் போதும், கம்பெனி அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இவளிடமிருந்து பிடித்துக்கொள்ளும். கிடைத்தது என்று நிரூபிக்க வேண்டியது தைத்தவள். ஒருத்தி காலையில் பட்டனை அழுத்தினாள், சாயங்காலம் அதே மழைக் கோட்டைப் போட்ட நாயோடு படம் போட்டாள். இவள் அந்தப் படத்தைக் கம்பெனிக்கு அனுப்பினாள். அந்தக் கோட்டு இந்தப் பார்சலில்தான் வந்தது என்பதற்கு என்ன சான்று என்று பதில் வந்தது. இவள் பதிலைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தாள். சுண்ணாம்பு பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் விற்கிறவர்களின் போன் குழுவில் சேர்ந்தாள். அதற்குத் தலைவர் மொபைல் கவர் விற்கிற ஒருத்தர், கவர்காரர் என்றுதான் இவள் சொல்வாள். அவர் கற்றுக்கொடுத்த பாடம் கொஞ்சநஞ்சம் இல்லை. பார்சல் கட்டுவதை வீடியோ எடுக்க வேண்டும். தராசில் வைத்து எடையைக் காட்ட வேண்டும். கொண்டுபோகிறவன் வாசலில் வைத்துப் படம் எடுத்தானா என்று பார்த்து அந்தப் படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு: எவ்வளவு அழுதாலும் மாற்றுப் பொருள் அனுப்பக்கூடாது, 'சாரி' என்ற வார்த்தையை மறந்தும் எழுதக்கூடாது.

"சாரின்னு டைப் பண்ணினா கடை போச்சும்மா" என்று கவர்காரர் குரல் பதிவு அனுப்புவார். "இன்னொண்ணு அனுப்பினா முதல் பார்சல் போகலைன்னு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி."

அன்றிலிருந்து மாடியில் தினமும் சினிமா. கொழுந்தன் போனைப் பிடிப்பான். இவள் தலையை வாரிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி நிற்பாள். "இது பழுப்பு நிற மழைக் கோட்டு. உள்ளே வைக்கிறேன். டேப் ஒட்டுகிறேன்." குறுக்கே யாரும் இருமக்கூடாது. மாமியார் வேண்டுமென்றே இருமுவார்.

இவ்வளவு செய்தும் புகார் ஏறிக்கொண்டே போனது. இன்னொரு புகாரில் தோற்றால் கடையை மூடிவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வாட்ச் ரிப்பேர்காரரின் புகார் வந்தது.

அவர் இதே ஊர், அடுக்கு வீட்டில் இருக்கிறவர். தனி ஆள், ஒரு கிழட்டு நாய். நாயின் வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் உறை கேட்டிருந்தார். நெஞ்சு பெரிது, இடுப்பு ஒன்றுமே இல்லை, எந்தக் கடை உறையும் நிற்கவில்லை. இவள் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துத் தைத்து அனுப்பினாள். கிடைக்கவில்லை என்று பட்டனை அழுத்திவிட்டார்.

நான் அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். இவள் வீடியோவையும் எடையையும் கம்பெனிக்கு ஏற்றிவிட்டு, கடைசியாகக் கொண்டுபோனவன் எடுத்த வாசல் படத்தைத் திறந்தாள். பார்சல் ஒரு பழுப்புக் கதவுக்கு முன்னால் இருந்தது. அளவுக்காக அவர் அனுப்பியிருந்த படம் பக்கத்திலேயே திறந்திருந்தது. அதில் நாய் அவர் வீட்டு வாசலில் படுத்திருந்தது. பின்னால் நீலக் கதவு.

"கதவு வேற மாதிரி இருக்கேடி" என்றேன்.

"பெயின்ட் அடிச்சிருப்பாங்க."

"நீலக் கதவுல அடியில நாய் பிராண்டின கோடு இருக்கு பாரு. இதுல ஒரு கீறல் இல்லை."

"கீறலுக்கும் சேர்த்துத்தான் அடிச்சிருப்பாங்க, அக்கா. நீங்க நூலை வெட்டுங்க."

அழுத்தி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தெரியும். நாயின் இடுப்பு மறக்காதவளுக்குக் கதவு தெரியாதா?

ஜெயித்துவிட்டாள். முதல் ஜெயம். கடைப் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு டிக், 'நம்பகமான விற்பனையாளர்' என்று. குழுவில் எல்லாரும் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். கொழுந்தன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். மாமியார் கூட இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு, "நாய் குரைச்சது வீண்போகலை" என்றார்.

அந்த வாரமே வாட்ச்காரர் வந்து நின்றார். விற்கிறவர் முகவரி ஆர்டரிலேயே இருக்கிறதே. வாசல் கேட்டுக்கு வெளியே, சட்டைப் பையில் கண்ணாடி, கையில் ஒரு பழைய பனியன்.

"அம்மா, நாய்க்கு இதை மாட்டிப் பார்த்தேன். கால் வழியா உருவிடுது" என்றார். "நக்காம இருக்கக் கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு போட்டா தண்ணியே குடிக்க மாட்டேங்குது. நான் கடைக்குப் போனா பார்த்துக்க ஆள் இல்லை. திரும்பி வர்றதுக்குள்ள தையலை நக்கி நக்கிப் பிரிச்சு வச்சிருக்கு."

இவள் கேட்டைத் திறக்கவில்லை. "கம்பெனிகிட்ட பேசுங்க."

"நீங்க ஜெயிச்சுட்டதா கம்பெனி சொல்லுது. ஜெயிச்சுக்குங்கம்மா, நான் அதுக்கு வரலை. துணிதான் வேணும். புதுசாவே விலை குடுத்துடறேன்."

"உங்க வாசல்ல வச்சது படத்துல இருக்குல்ல?"

"அது எங்க வாசல் இல்லைம்மா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

மாமியார் ஜன்னலிலிருந்து, "ஒரு நாய்க்கு இத்தனை நடையா? வேற நாய் வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றார். வாட்ச்காரர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

நான் இவள் காதருகில், "அதே துணி மெஷின்மேல கிடக்கு. தைச்சுக் குடுத்துத் தொலையேன்" என்றேன்.

"குடுத்தா முதல்ல போகலைன்னு நானே ஒத்துக்கிட்டதாயிடும். கையில போன் வச்சிருக்காரு, பார்த்தீங்களா? ரெக்கார்ட் ஓடுதோ என்னவோ. கடை போனா நீங்க சோறு போடுவீங்களா?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். ரெக்கார்ட் ஒன்றும் ஓடவில்லை. திரையில் நாயின் வயிறு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கம்பெனிகிட்ட பேசுங்க" என்று அதே குரலில் சொன்னாள்.

"சரிம்மா" என்றார். பனியனை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு ஆர்டர் கொட்டியது. பச்சை டிக்கைப் பார்த்து வருகிறார்கள் என்று கொழுந்தன் பீற்றிக்கொண்டான். கடைப் பக்கத்தில் அந்த விமர்சனம் வருகிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு வாட்ச்காரர் எழுதியிருந்தார்:

'பார்சல் கிடைத்தது. எதிர் பிளாக்கில் பூட்டியிருந்த வீட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள். வெளியூர் போயிருந்தவர்கள் திரும்பி வந்து கொடுத்தார்கள். கிடைக்கவில்லை என்ற புகாரை எடுத்துவிடவும். தையல் சுத்தமாக இருக்கிறது. அளவும் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். போட்டுப் பார்க்க நாய் இல்லை.'

இவள் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை, போனை நீட்டினாள். கவர்காரரிடம் கேட்டதற்கு, "அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரே, அப்புறம் என்னம்மா?" என்றார். அன்றைக்கு இவள் வாட்ச்காரருக்குச் சாரி என்று டைப் பண்ணினாள். 'இந்தப் புகார் முடிந்துவிட்டது, செய்தி அனுப்ப இயலாது' என்று திருப்பி அடித்தது.

அவர் கடைக்கே போனாள், நானும் கூடப் போனேன். பெட்டி மாதிரி ஒரு கடை. கண்ணில் லென்ஸை வைத்தபடி நிமிர்ந்தார். இவளை அடையாளம் தெரிந்ததா, தெரியாத மாதிரி இருந்தாரா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. "வாங்கம்மா, வாட்ச் நின்னு போச்சா?" என்றார். இவள் ஓடிக்கொண்டிருந்த வாட்சைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் காதில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பேட்டரி மாற்றிக் கொடுத்தார். இவள் அதைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லப் போனதைச் சொல்லவில்லை.

இப்போது கிடைக்கவில்லை என்று யார் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் இன்னொன்று தைத்து அனுப்புகிறாள். திருட்டுப் பயல்களுக்கு விஷயம் பரவிவிட்டது. கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை சொல்கிறவர்கள் கூட இருக்கிறார்கள். கொழுந்தன் கத்துகிறான். துணிக்கடைக்காரர் கடன் தருவதை நிறுத்திவிட்டார். கடை இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியாது. நான் திட்டினால் மெஷினை வேகமாக மிதிக்கிறாள், என் குரல் கேட்காமலிருக்க.

அவள் கெட்டவள் இல்லை. நல்லவள் என்றும் சொல்லமாட்டேன், கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேனே. உங்களில் யாராவது போய் அவளைப் பாருங்கள். மாடி, இடது பக்கப் படி, மெஷின் சத்தம் கேட்கிற வீடு. நாய் வளர்க்கிறவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் வேண்டாம், நேரில் நிறுத்தி அளவெடுக்கச் சொல்லுங்கள். தைத்ததை அவள் கையாலேயே மாட்டிவிடச் சொல்லி, அங்கேயே வாங்கிக்கொண்டு வாருங்கள்.